நீல விளக்கும் இரண்டு ஆணியும்

அருப்புக்கோட்டை பஜாரில் பொன்ராஜின் எலக்ட்ரிக்கல் கடையைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய மகன் ராஜகுரு என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தான். அதோடு, வெளிச்சம் பட்டால் சுவிட்ச் போட்டதுபோல் வடிவம் மாறும் மூலக்கூறுகளைப் பற்றி மதுரையில் ஆராய்ச்சி. சோதனைக்குழாயைத் தொடாத ஆராய்ச்சி. முழுக்க முழுக்கக் கணக்கு. கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றத் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவான். ஒருமுறை காரியாபட்டியில் டிரைவர் பிரேக் அடித்ததில் நானூறு அட்டைகளும் கோழிக்கூடைக்குள் சிதறின. வரிசைப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று.

பொன்ராஜோ, "எம்மகன் லைட்டு பட்டா தானா விழுற சுவிட்ச் கண்டுபிடிக்கான்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். பாலவனத்தத்திலிருந்து ஒருவர் அதைப் பொருத்தித் தரச் சொல்லி மோட்டார் ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் சொல்ற சுவிட்ச் கண்ணுக்கே தெரியாதுங்க" என்றான் ராஜகுரு.

"தெரியாட்டிப் போகுது. ஷாக் அடிக்குமா, அடிக்காதா?"

எண்பத்தாறில் அவனுக்கும் மனைவி பிருந்தாவுக்கும் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் உள்ளங்கால் வரை மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் தெரசாள் சுற்றிவளைக்கவில்லை.

"ரத்தத்துல மஞ்சள் பதினேழு இருக்கு சார். இருபதத் தொட்டா மூளைக்கு ஆபத்து. மதுரைக்குக் கொண்டுபோயி ரத்தம் மாத்தணும். அதுக்குள்ள வெளிச்சத்துல வச்சு அளவ இறக்கிருவோம்."

குழந்தையின் கண்ணைக் கட்டி, உடம்பில் துணியில்லாமல், நான்கு நீல டியூப்லைட்டுக்கு அடியில் கிடத்தினாள். ராஜகுருவுக்குப் பாதி பயம், பாதி வேறு. அந்த மஞ்சள் நிறமியும் வெளிச்சத்தில் திரும்புகிற மூலக்கூறுதான். ஏழு வருடமாகத் தாளில் திருப்பிக்கொண்டிருந்த அதே திருப்பம் தன் பிள்ளையின் தோலுக்கடியில் நடக்கிறது! பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டான். மறுநாள் காலை பதினான்கு வரவேண்டும்.

மறுநாள் காலை பத்தொன்பது வந்தது.

பிருந்தா அழுதாள். ராஜகுரு கணக்கில் தப்பைத் தேடினான். மூன்று தாள் நிறைந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்கு முன்பே டியூட்டி முடிந்து போய், அப்போதுதான் உள்ளே வந்த தெரசாள் தாளைப் பார்க்கவில்லை, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"டியூப்ப மாத்துனது யாரு?"

நான்கும் பளீரென்று வெள்ளையாக எரிந்தன.

"நாந்தேன்" என்றார் பொன்ராஜ், மலர்ந்த முகத்தோடு. "பேத்தி நீலம் பாரிச்ச மாதிரி கெடந்தா. பாக்கச் சகிக்கல. நேத்து மத்தியானமே, இவன் சாப்பிடப் போன நேரத்துல, நம்ம கடையில இருந்து புதுசு கொண்டாந்து மாட்டிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நம்ம உபயம்."

"அண்ணாச்சி, உங்க உபயத்துல ரெண்டு ஏறியிருக்கு."

ராஜகுரு கூனிக் குறுகிப் போனான். ஒளியைப் படித்தவன், தலைக்கு மேல் எரிகிற ஒளியின் நிறத்தைப் பார்க்கவில்லை. அப்பாவோ ஒத்துக்கொள்வதாக இல்லை. "அதவிட இது ரெண்டு மடங்கு வெளிச்சம்லடா!"

"அப்பா, பலகைய ரெண்டு ஆணில அறைஞ்சா திரும்புமா?"

"திரும்பாது."

"ஒண்ணப் பிடுங்கினா?"

"சுத்தும்."

"அந்த மஞ்சள்ல ரெண்டு ஆணி இருக்கு. ஒண்ணப் பிடுங்குறது நீல வெளிச்சம். அப்பத்தான் அது திரும்பும், தண்ணில கரையும், மலத்துலயும் மூத்திரத்துலயும் போகும். உங்க வெள்ளையில நீலம் கொஞ்சந்தான். பளபளப்பு நம்ம கண்ணுக்கு, ஆணிக்கு இல்ல."

பொன்ராஜ் தலையை நிமிர்த்தித் தன் நான்கு டியூப்பையும் பார்த்தார். பிறகு மெல்ல, "பழைய டியூப்ப திருச்சுழித் திருவிழாப் பந்தலுக்குக் குடுத்துட்டேனப்பா" என்றார்.

அப்பாவும் மகனும் ஸ்கூட்டரில் பறந்தார்கள். பந்தல்காரர் காளிராஜ் ஏணியை விட்டு இறங்க மறுத்தார். "சாமிக்குப் போட்டதக் கழட்டச் சொல்றீகளே, நல்லாருக்கா?"

"சாமி ஒரு நாள் வெள்ள வெளிச்சத்துல இருக்கும்வே. எம்பேத்தி இருக்க மாட்டா" என்றார் பொன்ராஜ். நான்கு டியூப்பையும் மடியில் குழந்தைபோல் கிடத்திப் பிடித்தபடி பின்சீட்டில் வந்தார். வழியெல்லாம் "பள்ளம், பள்ளம்" என்று ஒரே கூச்சல்.

பதினொரு மணிக்கு நீலம் எரிந்தது. மாலையில் பதினேழு. அடுத்த நாள் காலை பதின்மூன்று. மதுரைப் பயணம் இல்லை என்று தெரசாள் சொன்னாள்.

ராஜகுரு புதுத் தாளை எடுத்தான். "சிஸ்டர், இனிமே மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தா, இறங்குற வேகம் துல்லியமாத் தெரியும்."

"அந்த ரத்தம் பிள்ளைக்கு வேணும் சார். போயி பிருந்தாவ எழுப்பி விடுங்க. பால் குடுக்குற நேரமாச்சு."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுப்பப் போனான்.