பேச்சுப் பாட்டு பதிந்த கசெற்

கசெற் பதியும் வானொலிப் பெட்டியின் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அமுக்கும்போது எழும் ‘டக்’ சத்தம் இன்றும் என் காதில் நிற்கிறது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் வானொலிக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரே ஒரு பாட்டைப் பதிய ஐந்து வாரம் காத்திருந்தேன். ராப் என்பதை ஊருலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஆரம்பகாலப் பாட்டுகளில் அது ஒன்று; துள்ளும் தாளத்தின்மேல், பாடாமல், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவார்கள். “இது பாட்டே? ஆரோ சந்தையில சண்டை பிடிக்கிறாங்கள்” என்பார் அப்பா.

வகுப்பில் டொச் மொழி தடுமாறும் என்னை ஒருவரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை. வருகிற திங்கட்கிழமை இடைவேளையில் அந்தப் பாட்டை முழுக்கச் சொல்லிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். முந்தின சனிக்கிழமை ஒருவழியாகப் பாட்டு அகப்பட்டதும், வேறெதுவும் மேலே பதியாதபடி கசெற்றின் விளிம்பிலிருந்த பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியால் வந்தால் கசெற்றைக் காணோம். அந்நாட்களில் யாழ்ப்பாணம் போகிறவர்களிடம் கடிதத்துக்குப் பதிலாகப் ‘பேச்சுக் கசெற்’ கொடுத்துவிடுவது வழக்கம். அப்பா உடைந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி, என் பாட்டின்மேல் அரைமணி நேரம் பேசி, தன் அக்காவான என் மாமிக்கு அனுப்பிவிட்டிருந்தார். “ஒரு கசெற்தானே பிள்ளை, வேற வாங்கித் தாறன்” என்றார். கசெற்றா எனக்குப் பிரச்சினை? திங்கட்கிழமை பாதியில் வரி மறந்து நின்றேன், பள்ளி முற்றம் முழுக்கச் சிரித்தது.

நாலு மாதம் கழித்து அதே கசெற், மாமியின் பதிலோடு திரும்பி வந்தது. மாமி பேசி முடித்த பிறகு, அழியாமல் மிஞ்சிய கடைசி ஐந்து நிமிடம் அப்பாவின் குரல்: “இஞ்ச சரியான பனி அக்கா. பிள்ளை கெட்டிக்காரி, ஏதோ பாட்டெல்லாம் பாடம் பண்ணுறாள்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை வானொலியில் அந்தப் பாட்டு வந்ததும், வேண்டுமென்றே அந்த ஐந்து நிமிடத்தின்மேல் பதிந்தேன். ஒட்டுநாடாவை உரித்தெறிந்தேன்.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா இறந்துபோனார். யாராவது வீடியோ எடுத்தால் சமையலறைக்குள் நழுவிவிடும் மனிதர். பேச்சுக் கசெற்றின் காலமும் போய், மாமி இப்போது கைப்பேசியில் நாள்தோறும் முகம் காட்டுகிறார். நான் கேட்டுப் பார்த்தேன், அவரிடமும் அப்பாவின் குரல் இல்லை. யார்மேல் கோபப்படுவது? என்மேல்தான் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அந்தப் பாழாய்ப்போன பாட்டு இன்று நினைத்த நொடியில் கேட்கக் கிடைக்கிறது. என் கசெற்றிலும் அது பத்திரமாக இருக்கிறது, மேலே பேச ஆளில்லை.