சிந்தசைசரில் ஊதிய சங்கு

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், நீலகிரியில் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில், தீபாவளிக்கு மறுநாள் எங்கள் இன்னிசைக் குழுவின் கச்சேரி. கோயம்புத்தூரிலிருந்து போயிருந்தோம். அங்கே ஃபாக்டரி மூடி மாதக்கணக்காகியிருந்தது. பாதி வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பிள்ளைகள் ஒருநாளாவது சிரிக்கட்டும் என்றுதான் எங்களை அழைத்திருந்தார்கள்.

நான் சிந்தசைசர் வாசிப்பவன். என்னுடையது பழைய மாடல். கீபோர்டு போல அதில் வயலின், புல்லாங்குழல் என்று தயாராக எதுவும் இருக்காது. குமிழ்களைத் திருகித் திருகி நாமேதான் சத்தத்தை உண்டாக்க வேண்டும். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காலையில் கோயில் மைதானத்து மேடையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான் எதையோ குடைந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். வேலைக்கு ஆள் கூப்பிட ஃபாக்டரியில் சங்கு ஊதியது அவர்தானாம்.

"எங்க சங்குச் சத்தம் இதுல வருமா தம்பி?"

"வராம எங்கீங்க போகும்?" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் திண்டாட்டம். இரண்டு ஸ்வரங்களை ஒன்றோடொன்று உரசும்படி லேசாக விலக்கி வைத்து, மெல்ல மேலேற்றி, பிறகு சரியவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஹெட்ஃபோனை அவர் காதில் வைப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி இருக்கும் தம்பி. ஏறுறப்ப அவசரப்படாது." கடைசியில் ஒருதரம் ஹெட்ஃபோனைத் தானே பிடித்துக்கொண்டார். கழற்ற மனமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலோடு எழுந்து வந்துவிட்டார் என்று அவர் மகள் வந்து திட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

மதியம் பிடித்த மழை விடவே இல்லை. கச்சேரி நடக்காது என்று நாங்கள் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கியபோது, பெரியவரின் மகளான அந்த அக்கா தொப்பலாக நனைந்தபடி ஓடி வந்தார். அவர்கள் குடியிருந்த மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் விரிசல் விட்டுச் சேற்றுத் தண்ணீர் கொட்டுகிறதாம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். கதவு கதவாகத் தட்டியும் ஒருவரும் வெளியே வரவில்லை.

வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை வெளியே போனால் பூட்டுப் போட்டுவிடுவார்கள், அப்புறம் எங்கே போய் நிற்பது என்ற பயம். மண் சரிகிறது என்பதே தங்களைக் கிளப்புவதற்கான சூழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

"அப்பாவுக்குச் செஞ்சு காட்டுனீங்களே, அந்தச் சங்க ஸ்பீக்கர்ல ஊதுங்க தம்பி. சங்கு கேட்டா எல்லாரும் பெரட்டுக்களத்துக்கு ஓடியாந்துருவாங்க."

பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

"அக்கா, ஃபாக்டரி தொறந்துட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்களே. பாவமில்லீங்களா?"

"பாவத்த நான் பாத்துக்கறேன். ஊதுங்க!"

ஜெனரேட்டரைப் போடச் சொல்லி, சத்தத்தை முழுதாக ஏற்றிக் கட்டையை அழுத்தினேன். மலைச்சரிவு முழுக்கச் சங்கு கேட்டது. கதவுகள் திறந்தன. ஐயோ, அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஓர் அம்மா சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே ஓடினார். மைதானத்தை ஒட்டியிருந்த பெரட்டுக்களத்தில் வழக்கம்போல் வரிசையாக நின்று, பேர் எழுதும் மேஸ்திரியைத் தேடினார்கள். நான் மேடையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேஸ்திரி வரவில்லை. பெரிய இரைச்சல்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேட்டு லயம் மண்ணோடு மண்ணாக இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய அப்பா இல்லை. "நீ போ, பின்னாலயே வாரேன்" என்று அப்பா சொன்னதை நம்பித்தான் அக்கா மற்ற வீடுகளைத் தட்டப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"சங்கு ஊதிருச்சு வாங்கன்னு கூப்பிட்டேம்மா. அது சங்கில்ல, மேடையில அந்தத் தம்பி வாசிக்குதுன்னு சொல்லித் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. காய்ச்சல்ல ஒளர்றாருன்னு நெனச்சு ஓடியாந்துட்டேன்."

மறுநாள்தான் பெரியவரின் உடலை வெளியே எடுக்க முடிந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது, சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்த அந்த அம்மா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வீடும் மண்ணுக்குள் போயிருந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அப்ப நெசமாவே ஃபாக்டரி தொறக்கலியா?" என்று கேட்டார்.

எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று இன்றைக்கும் யாராவது பாராட்டும்போது அந்த அம்மாவின் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.