மார்க்கருக்குச் சந்தனப் பொட்டு

பெயிண்ட்பால் திடலில் வேலை என்றால், நாள் முழுக்க விளையாடிவிட்டுச் சம்பளம் வாங்குகிறோம் என்றுதான் ஊர் நினைக்கிறது. யோங் பெங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் எனக்குக் கவுண்டர் வேலை. சாயக் குண்டு சுடும் வாடகை மார்க்கரை எடுத்துக் கொடுப்பேன், சாயம் அப்பி வந்ததைத் துடைத்து வைப்பேன். துப்பாக்கி என்று வாய் தவறிச் சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும், மார்க்கர்தான். "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று வேலையிடத்தில் கேட்கப்பட்ட என்னைப் போன்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஐந்தாவது ஆள்

பத்து பாகாட் குழுவோடு எங்கள் ஊழியர்களுக்கு ஒரு போட்டி. ஐந்து பேர் வேண்டும், நான்கு பேர்தான் இருந்தார்கள். நான் வருகிறேன் என்றேன். சொந்தமாக, வேலை செய்கிற மார்க்கர் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றார் முதலாளி.

கழித்துப்போட்டவை கிடந்த பெட்டியிலிருந்து ஒரு பழைய மார்க்கரைக் கேட்டு வாங்கினேன். அதை எப்படிக் கழற்றுவது என்றுகூடத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கடித்துவிடுமா? குழுத் தலைவன் குணா என்னைவிட இளையவன். ஆறுதல் போலச் சொன்னான்: "செல்விக்கா, நீங்க கவுண்டர்ல நின்னு கைதட்டுங்க லா, அது போதும்."

ஊதாங்குழல்

குழல் நீளமானால் குண்டு தூரம் போகும் என்று நம்பி, இருப்பதிலேயே நீளமானதை வாங்கி மாட்டினேன். குண்டு தூரமும் போகவில்லை, நேராகவும் போகவில்லை. நீளம் பெரிதில்லை, குண்டு குழலுக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தானாக உருண்டு விழக்கூடாது. ஊதினால் வெளியே வர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குண்டு வேறு உப்பிக்கொள்கிறது.

அதனால் திடலில் கிடந்த குட்டைக் குழல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கவுண்டரிலேயே கன்னம் வலிக்க ஊதிப் பார்த்தேன். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அலுவலகக் கூட்டத்தோடு வந்திருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னாம்மா, வெறகு ஈரமா இருக்கா?"

தேங்காய் எண்ணெய்

உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று படித்தேன். எந்த எண்ணெய் என்று படிக்கவில்லை. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். வளையங்கள் ஊறிப்போய்விட்டன. வாடிக்கையாளர்கள் முன்னால் விசையை அழுத்தினால், புஸ் என்று காற்று போனது. குண்டு மெல்ல உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. வெட்கம் வந்தது, அதைவிட ரோஷம் வந்தது. எல்லா வளையங்களையும் மாற்றி, அதற்கென்று விற்கும் பசையைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலைக் கூட்டத்தோடு ஆட வந்து, அதுவரை வேடிக்கை பார்த்த ஒருவர் போகும்போது கேட்டார்: "சுடுதா, இல்ல முட்ட போடுதா?"

ஆயுத பூசை

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குக் கார், மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மார்க்கர் மட்டும் என்ன பாவம் செய்தது? சந்தனத்தைக் குழைத்து நன்றாகவே வைத்தேன். மானம் போகிறது, துடைத்துவிட்டு வாருங்கள் என்றான் குணா. துடைக்க மாட்டேன் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்: "அப்ப எலுமிச்சம்பழத்த எங்க வைப்பீங்க? இதுக்கு டயர் இல்லையே!"

மஞ்சள்

போட்டியன்று எதிரணியின் குண்டில் மஞ்சள் சாயம். மார்க்கரில் சாயம் பட்டாலும் ஆள் அவுட் என்பது விதி. குணா ஆரம்பத்திலேயே வெளியேறிவிட்டான். கடைசியில் நானும் எதிரணிக்காரர் ஒருவரும்தான் மிச்சம். மறைவுக்கு வைத்திருந்த பீப்பாய்க்குப் பின்னாலிருந்து அவர் கத்தினார்: "அவுட்! மார்க்கர்ல மஞ்சள் பாரு!" வெளியே நின்ற எங்கள் ஆட்களே என்னை வந்துவிடச் சொன்னார்கள். நான் அசையவில்லை. இத்தனை பேர் சிரிப்பையும் தாங்கியது இப்படி வெளியே போகவா?

"தொட்டுப் பாருங்க" என்று மார்க்கரை எங்கள் திடல் நடுவர் பைசாலிடம் நீட்டினேன். தடவினார், விரலில் ஈரமில்லை. முகர்ந்தார். "அலமாக், இது சாமி லா!" என்று வியந்து சிரித்து, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். பீப்பாய்க்காரருக்குப் பொறுக்கவில்லை, எட்டிப் பார்த்தார். என் குண்டு அவர் முகமூடியிலேயே உடைந்தது.

குணா ஓடி வந்தான். பாராட்டவில்லை. தன்னுடைய விலை உயர்ந்த மார்க்கரை நீட்டினான்: "செல்விக்கா, மிச்ச சந்தனம் வீட்டுல இருக்கா?"

இப்போதெல்லாம் போட்டி நாளில் கவுண்டரில் நின்று கைதட்டுவது யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவனுக்கும் மானம் இருக்கிறதல்லவா!