சிறுகுறிஞ்சானும் மாஸ்டர் நாக்கும்

எங்கள் பேக்கரியில் மாமா ஒரு பண்டத்தை "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் பரிசு வாங்கிய மாதிரி. லேசில் சொல்லமாட்டார். கிரீமைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார். "சப்புன்னு இருக்கு." "திகட்டுது, தூக்கிப் போடு." அவ்வளவுதான் பேச்சு. அக்காவின் புருஷன் என்பதால் எனக்கு மாமா, கடைக்கு மாஸ்டர். நான் கல்லாவில் உட்காருகிறவன். அந்த நாக்கை நம்பித்தான் முதலாளி கடையையே நடத்தினார்.

அந்த மனுஷனுக்குத்தான் சர்க்கரை வியாதி வந்து தொலைத்தது. பொழுதெல்லாம் இனிப்புக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் துப்புகிறவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டம்ளர் டீ குடிப்பார். அரை ஸ்பூன் சர்க்கரை. டாக்டரம்மா போனால் போகிறதென்று விட்டுவைத்தது அது ஒன்றைத்தான். குடித்ததும் படுத்துவிடுவார், விடியுமுன் அடுப்படியில் நிற்க வேண்டுமே. அந்த டம்ளர் கையில் இருக்கும்போது வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

மாத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டார். இறங்குவேனா என்றது சர்க்கரை. பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் காலையே எடுத்தார்கள். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. யார் யாரையோ விசாரித்து, சிறுகுறிஞ்சான் இலையோடு வந்து நின்றாள். சாப்பாட்டுக்கு முன்னால் மென்று விழுங்க வேண்டுமாம்.

"மாத்திரையோட இதையும் சாப்பிடுங்க. எனக்காக."

"குடு, தின்னு தொலைக்கறேன். ஆடு மாடெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

மறுநாள் காலை அதை மென்றுவிட்டு வேலைக்கு வந்தார். அன்றைக்கென்று பார்த்து ஒரு கல்யாண கேக். வந்ததும் கிரீமை நாக்கில் வைத்துவிட்டு, "சப்புன்னு இருக்கு, சர்க்கரை போடு" என்றார். போட்டார்கள். "இன்னும் போடுங்கறேன்ல!" கிரீம் அடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து விழித்தார். மாஸ்டர் பேச்சை யார் மறுப்பது? சாயங்காலம் வெட்டின கேக் அப்படியே திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியவில்லையாம்.

முதலாளி கத்தியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற மாஸ்டர் பாக்கறதத் தவிர எனக்கு வழியில்ல" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தைக் கழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

டாக்டரம்மாவிடம் போனோம். இலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இத மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குல இனிப்பே தெரியாது. யாரும் சொல்லலையா? சாப்பிடறதானா சாப்பிடுங்க. ஆனா மாத்திரைய விட்டுறாதீங்க. ரெண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடவும் கூடாது, அடிக்கடி டெஸ்ட் பண்ணணும். தலை சுத்துச்சுன்னா உடனே வாங்க."

வெளியே வந்ததும் மாமா சொன்னார், "அப்ப வேலை நேரத்துல வேணாம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் மென்னுக்கறேன்." அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குத்தான் உறைத்தது.

"அப்ப டீ, மாமா?"

"காலும் வேணும், சம்பளமும் வேணும். இதுல டீ ஒண்ணுதான் குறைச்சலாடா?"

அன்று இலையை மென்றார், சாப்பிட்டார், டம்ளரை வாங்கிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார். எனக்கும் அக்கா அதே பாத்திரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு வாய் குடித்ததும் திரும்பி அவளைப் பார்த்தேன். சர்க்கரையே இல்லை.

"நாக்குக்குத் தெரியாதத உடம்புக்கு மட்டும் எதுக்குடா குடுக்கணும்?" என்று என் காதருகே சொன்னாள். பிறகு மனசு கேட்காமல் அவரிடமே போய், "எப்படிங்க இருக்கு?" என்றாள்.

மாமா இன்னொரு வாய் குடித்தார். கடையில் செய்வதுபோலவே ஒரு நொடி கண்ணை மூடினார்.

"சரியா இருக்கு," என்றார்.

அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.