மனைவியின் காலில் எடுத்த அச்சு

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். வாசலில் நிற்பவர் வங்கி மேலாளராக இருந்தாலும் சரி, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவராக இருந்தாலும் சரி, பார்வை கீழே இறங்கி, செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அளந்த பிறகே மேலே ஏறும். தொழிற்சாலையில் அவருக்குக் ‘கீழ்ப்பார்வை’ என்று பட்டப்பெயர். விஷயம் தெரியாதவர்கள், இவ்வளவு பெரிய முதலாளி எத்தனை அடக்கமாகத் தலைகுனிந்து பேசுகிறார் என்று மெச்சிக்கொண்டு போவார்கள்.

மனைவியை முதன்முதலில் பார்த்த அன்றும் அப்படித்தான். அவள் வெட்கத்தில் குனிந்திருந்தாள், அவர் தொழிலில் குனிந்திருந்தார். ஆக, இருவருமே அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் அவருக்கு இருந்ததெல்லாம் தகரக் கூரை போட்ட ஒரு வாடகைக் கொட்டகையும், பழைய தோல் தைக்கும் இயந்திரமும்தான். அப்போது ஆண்களுக்கான செருப்பு மட்டும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவர், சமையலறைத் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்து அவளை அதன்மேல் நிற்கச் சொன்னார். மண்டியிட்டு உட்கார்ந்து, பென்சிலால் அவள் காலைச் சுற்றி வரைந்தார்.

“ஐயோ, கூசுது. விடுங்க.”

“அசையாத. நீ அசைஞ்சா என் வியாபாரமே கோணிப்போயிடும்.”

இந்த அளவை வைத்து மரத்தில் ஒரு கால் செதுக்குவார்கள், அதற்கு அச்சு என்று பெயர், அந்த மரக்காலின் மேல் தோலை இழுத்துத் தைத்தால்தான் செருப்பு என்று அவளுக்கு விளக்கினார். பிறகு அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “இனிமே ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் உன் கால்லதான் நடக்கப்போறாங்க, பாரு.”

அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எதிலும் முதலாக வந்ததில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசியதில்லை. யாரும் அவளை அளந்து பார்த்து, இது போதும், இதுதான் சரி என்று சொன்னதில்லை. அந்த மதியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது நினைத்துப் பார்த்துக்கொள்வாள்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. கொட்டகை கட்டடமாயிற்று. பெண்களுக்கான செருப்புப் பெட்டியின் மூடியில் ‘என் மனைவியின் காலில் எடுத்த அச்சு’ என்று அச்சடித்திருந்தார். அந்த வரிக்காகவே வாங்கியவர்கள் உண்டு. மனைவியைக் கொண்டாடும் மனிதர் பொய்ச் சரக்கு விற்கமாட்டார் என்று கடைக்காரர்கள் நம்பினார்கள். பிற்பாடு அவர் செருப்பு உற்பத்தியாளர்கள் சங்கத் தலைவரானார். எந்த மேடையில் ஏறினாலும் பழுப்புக் காகிதக் கதையைச் சொல்லாமல் இறங்கமாட்டார். முன்வரிசையில் அவள் காதுமடல் சூடேற உட்கார்ந்திருப்பாள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய ஆள் பேச வந்திருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மகனின் பள்ளிக்கூடக் காலணிக்கு அவர்தான் பாலிஷ் போடுவார், வேலையாளைத் தொடவிடமாட்டார். மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது, தன் புதுக் கட்டடத் திறப்புவிழாவையே தள்ளிவைத்துவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடைகூடத்தில் நடந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நர்சுகள் அவரைக் காட்டித் தங்கள் கணவர்களைத் திட்டினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் குறை. செருப்பு கடித்தது.

புது மாதிரி எது வந்தாலும் முதல் ஜோடி அவளுக்கு. வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சுண்டுவிரலை நசுக்கியது. பெருவிரல் உள்பக்கமாக மடங்கிப்போனது. உள்ளங்காலில் ஆணி விழுந்தது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்.

“என்னங்க, இது முன்னாடி கொஞ்சம் பிடிக்குது.”

“உன் கால்ல எடுத்த அச்சு உனக்கே பிடிக்குதுன்னா, கால் பருத்திருக்குன்னு அர்த்தம். நட, நட, சரியாயிடும்.”

அன்று வந்திருந்த விருந்தாளிகளிடமும் சொல்லிச் சிரித்தார்: “பாருங்க சார், எங்க வீட்டம்மாவுக்கு அவங்க அச்சே பத்தலையாம். நான் நல்லாச் சோறு போடுறேன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து இராச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். கன்னம் ஒட்டியது, வளையல் கழன்று விழுந்தது, கால் மட்டும் இளைக்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவர் கார் சத்தம் கேட்டதும் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். ஆணியை வெட்டியெடுத்த டாக்டரம்மா, “யாரும்மா உங்களுக்கு இந்தச் செருப்ப வாங்கிக் குடுத்தது? ஏதாவது முன்விரோதமா?” என்று கேட்டார். கணவர் அவ்வளவு ஆசையாக வரைந்த காலைத் தானே கெடுத்துக்கொண்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

அவர் இறந்து ஒரு வருடம் ஆனதும் சங்கத்தில் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். முந்தைய நாள் மாலை, தொழிற்சாலை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த மர அச்சை மகன் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“அம்மா, நாளைக்கு நீங்க மேடையில இதுக்குப் பக்கத்துல காலை வச்சு நிக்கணும். போட்டோ எடுப்பாங்க. புது மாடலுக்கு அம்மான்னே பேர் வைக்கிறோம்.”

“நானா? மேடையிலயா?”

“நீங்க பேசவே வேண்டாம். காலை வச்சாப் போதும்.”

அச்சைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவன் போனான். அவள் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாளே தவிரக் கையில் எடுத்ததில்லை. பழைய ஆளைப் பார்த்தவள்போல் மெல்லச் சிரித்துக்கொண்டு, அதைத் தரையில் இறக்கிப் பக்கத்தில் தன் காலை வைத்தாள்.

பிறகு அடுத்த காலை வைத்துப் பார்த்தாள்.

அச்சு மெலிந்து, பெருவிரல் பக்கமாக நீண்டு முடிந்தது. அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே இரண்டாவது விரல்தான் நீளம், அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கேலி பட்டிருக்கிறாள். குதிகாலும் பொருந்தவில்லை. சதை ஏறும், இறங்கும். எலும்பு எப்படி இடம் மாறும்?

மறுநாள் காலை, அச்சு செதுக்கியவரின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். கொட்டகைக் காலத்திலிருந்தே கணவரிடம் வேலை பார்த்தவர் அவர், இப்போது வேலையைவிட்டு ஓய்வில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

“வாங்க அண்ணி! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“அந்த அச்சு யார் காலு?”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “என்ன அண்ணி, இன்னைக்குப் போயி...”

“யார் காலுன்னு கேட்டேன்.”

“யார் காலும் இல்ல. மூடிப்போன ஒரு கம்பெனில இருந்து மொத்தமா வாங்கினது. உங்க காகிதத்தையும் அண்ணன் கொண்டுவந்தாரு, இல்லேங்கல. நான்தான் செதுக்கினேன். ஆனா செருப்பு அகலமா வாத்து மாதிரி வந்துச்சு. கடைக்காரங்க தொடமாட்டேன்னுட்டாங்க. அச்சைக் கோந்து காய்ச்சுற அடுப்புல போட்டுட்டோம். கதை மட்டும் நல்லா இருக்கு, அது இருக்கட்டும்னாரு.”

வாத்து என்ற சொல்லை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்க மனசு கஷ்டப்படும்னுதான் அண்ணி.”

“ஆணியை வெட்டினாங்களே, அப்பவுமா?”

அச்சுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்ப நானே சொன்னேன். அண்ணிக்கு அகலமா ஒரு ஜோடி நான் செஞ்சு தர்றேன், யாருக்கும் தெரியவேணாம்னு. ‘அவ கால்ல வேற அளவப் பார்த்தா கடைக்காரன் என்னடா நினைப்பான்’னாரு.”

“நீங்களும் பேசாம இருந்துட்டீங்க.”

“நான் சம்பளக்காரன் அண்ணி.”

அவள் எழுந்தாள். அவர் தேநீர் போடச் சொல்லியிருந்தார், வந்த கோப்பையை அவள் தொடவில்லை. அச்சு வேறொரு பெண்ணின் காலாக இருந்திருந்தால்கூட அவளை வைது தீர்த்திருக்கலாம். இங்கே வைவதற்கும் ஆள் இல்லை. இருந்தது கணவர் மட்டும்தான். விருந்தாளிகளோடு சேர்த்து அவளையும் சிரிக்கவைத்த அவர்.

மாலை சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் அவருடைய பெரிய படம், கீழே பூக்கள். ஆளாளுக்கு எழுந்து, இப்படி ஒரு கணவன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். துணைத்தலைவர் பழுப்புக் காகிதக் கதையை, தான் பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல் சொன்னார். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள். கணவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இனி வழியில்லை, இவர்கள் முன்னால் காலை வைத்துவிட்டால் அந்தப் பொய் அவளுடையதாகவும் ஆகிவிடும். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மகன் அவளைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப்போனான். அச்சு வெல்வெட் துணிமேல் இருந்தது. புகைப்படக்காரர், “அம்மா, வலது காலை இப்படி...” என்று கையசைத்தார். அவள் காலை நகர்த்தவில்லை. ஒலிபெருக்கியைத் தானே இழுத்தாள்.

“இது என் கால் இல்லீங்க.”

“என் கால் அகலம். இதை வேற இடத்துல இருந்து வாங்கினாரு.”

அவள் அடுத்ததைச் சொல்வதற்குள் துணைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பார்த்தீங்களா! இவ்வளவு பேரும் புகழும் வந்த பிறகும் எனக்கு இதுல பங்கில்லைன்னு சொல்ற மனசு யாருக்கு வரும்? இதுதாங்க அவர் குடும்பம்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவள் மகனைப் பார்த்தாள். அவன் கைதட்டவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு கணம் அவளுக்குப் போதும்போல் இருந்தது.

காரில் பாதி வழி போனதும் அவன் கேட்டான்.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“என் காலு சொல்லுச்சு.”

“சரிம்மா. நமக்குள்ளயே இருக்கட்டும். எல்லாப் பெட்டியிலயும் அந்த வரிதான் இருக்கு. இப்ப மாத்தினா அப்பா பேரு என்ன ஆகும்?”

“என் காலு என்ன ஆச்சுன்னு நீயும் கேக்கலையே தம்பி.”

அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும், “வலிக்குதாம்மா?” என்றான். நேரம் கடந்து வந்த கேள்வி. அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

இப்போது தொழிற்சாலையை மகன் நடத்துகிறான். ‘அம்மா’ மாடல் நன்றாக விற்கிறது. அவள் சந்தையில் வாங்கிய அகலமான ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லா இடத்துக்கும் போய்வருகிறாள், மருமகள் முகம் சுளித்தாலும். இராத்திரி வயிறாரச் சாப்பிடுகிறாள். கணவரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருவார் என்பதை ஒப்புக்கொள்கிறாள். மற்றதற்கு எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.