தூக்கமாத்திரைக்கு ஒரு நாற்காலி

சலூனில் அவளுக்குத் தூக்கமாத்திரை என்று பெயர். தலை அலச வந்து வாஷ்பேசினில் கழுத்தைச் சாய்ப்பவர்கள், ஷாம்பு சரியாக நுரைப்பதற்கு முன்பே வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ஒருத்தி குறட்டையே விட்டிருக்கிறாள். எழுப்பினால், "தூங்கலைம்மா, ஏதோ யோசிச்சிட்டிருந்தேன்" என்பாள்.

இந்தக் கைராசிதான் அவளுக்கு வினையாகப் போனது. "ஆறு மாசம் தலை அலசு, அப்புறம் கத்தரி தரேன்" என்று சொல்லித்தான் முதலாளி அக்கா வேலைக்கு எடுத்தாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் வந்து சேர்ந்த ஒருத்தி, வருகிறவர்கள் கண்ணில் ஷாம்புவும் காதில் தண்ணீருமாக விட்டு, தினம் ஒரு சண்டையை இழுத்துவைத்தாள். "இவளைப் பேசின் பக்கமே விடாதீங்க" என்று அக்கா அலறி, அவளை நாற்காலிக்கு மாற்றிவிட்டாள். இப்போது அவள் ஜோராக முடி வெட்டிக்கொண்டிருக்கிறாள். வெட்டுகிற ஒவ்வொரு தலைக்கும் காசில் பங்கும் வாங்குகிறாள்.

முதலாளி அக்கா கெட்டவள் இல்லை. பிறந்தநாள் என்றால் கேக் வாங்குவாள். உடம்பு சுகமில்லை என்றால் வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்புவாள். கத்தரிப் பேச்சை எடுத்தால் மட்டும் அவளுக்குப் போன் வந்துவிடும். வராவிட்டால் அவளே யாருக்காவது பண்ணுவாள்.

தூக்கமாத்திரை முடிவெட்டப் பழகியதெல்லாம் வீட்டில்தான். அப்பா, அம்மா, தம்பி என்று அவளிடம் தப்பித்த தலை கிடையாது. முதல் தடவை தம்பி பல நாள் தொப்பியோடு திரிந்தான். இப்போதோ அவனுடைய கூட்டாளிகளே வரிசையில் வந்து உட்காருகிறார்கள்.

"நீ ஒழுங்கா அலசுறதுதான்க்கா தப்பு" என்றான் தம்பி ஒருநாள். "நாலு பேர் கண்ணுல ஷாம்பு விடு. ப்ரமோஷன் தன்னால வரும்."

"வேலைக்குப் போறவளுக்குச் சொல்லிக் குடுக்கிற லட்சணத்தைப் பாரு" என்றாள் அம்மா.

"ஒழுங்கா இருந்துதானேம்மா அங்கயே நிக்கிறா?"

அம்மா, தண்ணீரிலும் ஷாம்புவிலும் ஊறி ஊறி வெடித்திருந்த மகளின் விரல்களை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினாள். இப்படியே போனால், கத்தரி கைக்கு வருகிற நாளில் அதைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காது என்று அவளுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும்.

தம்பி சொன்னதையும் செய்து பார்த்தாள். மறுநாள் வந்த ஓர் அம்மாளுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினாள். "ஆஹா, கழுத்து வலியே போயிடும் போலிருக்கே" என்று முனகிவிட்டு அந்த அம்மாள் அயர்ந்து தூங்கிவிட்டாள்.

கெட்ட பேர் வாங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும், அது தனக்கு வராது என்று தெரிந்துபோயிற்று. கூடவே இன்னொன்றும் உறைத்தது. அக்காவின் கவலை கத்தரியைப் பற்றியது இல்லை. இவள் நாற்காலிக்குப் போனால் பேசினில் யார் நிற்பது என்பதுதான்.

கடையில் கூட்டிப் பெருக்கவென்று புதிதாகச் சேர்ந்திருந்தாள் ஒருத்தி. எல்லோரும் குட்டி என்பார்கள். ஆள் இல்லாத மதியங்களில் தூக்கமாத்திரை தன் தலையையே அவளிடம் கொடுத்தாள்.

"மெதுவாடி, மாவா பிசையற? காதுக்குப் பின்னால அவசரப்படாதே. அங்கதான் ஆள் தூக்கத்துல விழும்."

சொன்னபடியே ஆள் விழுந்தது. ஒருநாள் பாடம் நடத்தியவளே தூங்கிவிட்டாள்.

வாரம் ஒருமுறை முதலாளி அக்காவும் தன் தலையைக் கொண்டுவந்து நீட்டுவாள். அன்றும் கண்மேல் சின்ன டவலைப் போட்டுக்கொண்டு சாய்ந்தாள். தூக்கமாத்திரை தண்ணீரைத் திறந்தாள், குட்டிக்குக் கண்ணைக் காட்டினாள், பக்கத்திலேயே நின்றுகொண்டு தன் பேச்சை மட்டும் கொடுத்தாள். பாதிப் பேச்சில் அக்காவின் குரல் நின்றுவிட்டது.

விழித்ததும், "உன் கை மாதிரி வராதுடி. இதுக்குத்தான் உன்னை விட மாட்டேங்கிறேன்" என்றாள்.

"அது என் கை இல்லைக்கா."

அக்கா டவலை விலக்கினாள். முழங்கை வரை நுரையோடு குட்டி நின்றிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்துறீங்களா?"

"ஏமாத்தலைக்கா. மத்த நேரம் கேட்டா உங்களுக்குப் போன் வந்துடுது. தலை இங்க மாட்டியிருக்கும்போதுதான் பேச முடியும்."

முடி வெட்டிக்கொண்டிருந்தவள் தன் சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க டிரையரைப் போட்டாள்.

"சரி சரி, பார்க்கலாம். தலையைத் துவட்டு."

"எப்போன்னு சொல்லுங்க, துவட்டுறேன்."

தண்ணீர் அக்காவின் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. "திங்கக்கிழமை. கடைசி நாற்காலி. போதுமாடி?"

"மத்தவங்களுக்குத் தர்ற பங்கு?"

"அதுவும்தான். குளிருதுடி!"

"எனக்கு அப்புறம் வர்றவளும் மூணு வருஷம் நிக்கக் கூடாதுக்கா."

"இனிமே யாரா இருந்தாலும் பேசின்ல ஒரு வருஷம், அப்புறம் கத்தரி. எழுதி வேணா ஒட்டிக்கோ."

அதுவரை வாயைத் திறக்காத குட்டி, கையில் டவலோடு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அந்த ஒரு வருஷம் இன்னியிலேர்ந்தாக்கா, நான் சேர்ந்த நாள்லேர்ந்தா?"

முதலாளி அக்கா அவளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"சேர்ந்த நாள்லேர்ந்துதான்" என்றாள். "டவலைக் குடு, தாயே."