இருமல் அம்மா செத்த அன்று

என்னைச் சாகடிக்கப் போகிறார்கள் என்று முதலில் சொன்னவர் யூனிட்டில் டீ கொடுப்பவர். கிளாஸை என் கையில் திணித்துவிட்டு, "மேடம், வெள்ளிக்கெழம உங்கள போட்டுத் தள்ளிடுறாங்களாம். டைரக்டரு பேசிகினு இருந்தாரு" என்றார். டீயில் சர்க்கரை அதிகம் என்று சண்டை போட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்போனை மாட்டினால் நாள் முழுக்கக் குரல்கள்தான். டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு, யார் யாரோ அழுததையும் அடித்துக்கொண்டதையும் கேட்டிருக்கிறேன். கேட்கக்கூடாதுதான். எங்களில் யார் கேட்காமல் இருந்தார்கள்? தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது, என் காதுக்கு வேலை போயிற்று. பில் பிரிவில் தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச காலம் காகிதத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, போதுமடா சாமி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கருங்குழியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களையெல்லாம் ஒருகாலத்தில் விரட்டி அடித்தேன். இப்போது அதைக் கேட்கவும் ஆளில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் லாரிகள்தான் என் ஜன்னலை ஆட்டி விசாரித்துவிட்டுப் போகும். பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது.

இப்படி இருந்தபோதுதான் எங்கள் தெருவில் ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், வூட்ல சும்மாதானே குந்திகினு கீறீங்க? செய்யூராண்ட டாக்டர் சீரியல் எடுக்குறாங்க. வயசானவங்க வோணுமாம். வந்து ஓரமா குந்துங்க, நாஸ்தா, மீல்ஸ் அல்லாம் குடுப்பாங்க."

"யாரைய்யா வயசானவங்கன்ற?" என்று எகிறினேன். மறுநாள் விடியற்காலையில் முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கிராமத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு டாக்டர், அவர் மனைவி; அவளும் டாக்டர். சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஓட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். உள்ளே போனதும் என் கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு முரட்டு நூல்புடவையைக் கொடுத்து நோயாளிகள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்தக் காலத்து ஏழைக்கு ஏது கண்ணாடி என்றார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு மனிதர்கள் எல்லாம் கரைந்த கோலம். அதனால் அந்த சீரியலின் நடிகர்கள் எனக்குக் குரலாகத்தான் பழக்கம். கதாநாயகன் மூக்கடைத்த குரலில் ஓயாமல் வெயிலைத் திட்டுவான். கம்பவுண்டராக நடித்தவர் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் குறட்டை விடுவார். லேடி டாக்டராக வந்த பெண் ஆந்திராக்காரி. தமிழ் தெரியாது. வசனத்தை ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, அர்த்தம் புரியாமலே அழகாகத் திருப்பிச் சொல்வாள்.

தலையை நரைக்க வைக்கக் கொட்டிய பவுடர் தொண்டையில் போய், முதல் நாளே டேக்கின் நடுவில் இருமித் தொலைத்தேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். டைரக்டர் கத்தினார்: "யாருய்யா இருமினது? சூப்பர்! அந்தம்மாவ பெஞ்சுல முன்னாடி போடு!"

சாயங்காலம் உதவி டைரக்டர் வந்து சொன்னான். "அம்மா, நாளைக்கும் இதே புடவை, இதே பெஞ்ச், இதே ஓரம். நீங்க வரலன்னா கன்டினியூட்டி போயிடும், ஷூட்டிங்கே நடக்காது."

நான் வராவிட்டால் ஒன்று நடக்காது! வேனில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெட்கமாகக்கூட இருந்தது.

அதன்பிறகு எனக்கென்று ஒரு காட்சியும் வந்தது. லேடி டாக்டர் உள்ளே வரும்போது என் முன்னால் குனிந்து, "அம்மா, இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். நான் இருமிவிட்டு "பரவாயில்லைம்மா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெண் பாதி நாள் தெலுங்கைக் கலந்து, "அம்மா, இப்போ எட்லா இருக்கு?" என்று விடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், எப்படியும் டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று டைரக்டர் விட்டுவிடுவார். எனக்கு அந்த "எட்லா"தான் பிடிக்கும். கேட்கும்போது அவள் கை என் முழங்கால் மேல் இருக்கும். அது வசனத்தில் இல்லை, அவளாக வைப்பது.

டி.வி.யில் பார்த்தபோது ஏமாற்றமாகப் போயிற்று. முகம் அவளுடையது. குரல் வேறு எவளோ ஒருத்தியுடையது. தேன் தடவிய மாதிரிக் கேட்டாள். நான் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது டி.வி.யில் இல்லை, அந்தப் பெஞ்சில்தான் இருந்தது.

அதைத்தான் வெள்ளிக்கிழமை பிடுங்கப் போகிறார்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராக டைரக்டரிடம் போனேன்.

"ஏன் தம்பி, நான் என்ன பாவம் பண்ணேன்? குணமாக்கிடக் கூடாதா?"

"குணமானா பெஞ்சுல எதுக்கு உக்காரணும்? வீட்டுக்குப் போயிடுவீங்களேம்மா" என்றார். "டாக்டரால காப்பாத்த முடியாத ஒரு சாவு வேணும். ஜனங்களுக்கு உங்களத் தெரியும். நல்லா அழுவாங்க."

"இருமாமகூட உட்கார்ந்துக்கறேன். பின்னாடி, ஓரமா. கேமராவுல விழாத இடமா இருந்தாக்கூட சரி."

சொல்லி முடித்ததும் எனக்கே அவமானமாக இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை என்னைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து மூக்கில் பஞ்சு வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் ஹெட்போன் மாட்டிய மாதிரி குரல்கள் மட்டும். ஆனால் இந்தத் தடவை அழுதவர்கள் எனக்காக அழுதார்கள். கிளிசரின் போட்டுத்தான், தெரியாதா எனக்கு? இருந்தாலும் அந்தப் பெண் "அம்மா, அம்மா" என்று என் கையைப் பிடித்து உலுக்கியபோது எனக்கும் அழுகை வரப் பார்த்தது. பிணம் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக் கிடந்தேன்.

கட் சொன்னார்கள். ஆனால் பிணமாக நடித்தவர்கள் சும்மா எழுந்து போய்விட முடியாது. கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் பூசணிக்காய் உடைப்பார்கள். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம். சிரித்தால்தான் பேக்கப், எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

"சிரிங்கம்மா" என்றார் டைரக்டர்.

நான் சிரிக்கவில்லை. முதலில் வரவில்லை. அப்புறம், வராமல் இருப்பதே நல்லது என்று தோன்றிவிட்டது. சிரித்தால் வேன் ஏற வேண்டும். சிரிக்காதவரைக்கும் இத்தனை பேரும் என் கட்டிலைச் சுற்றித்தானே நிற்பார்கள்?

நின்றார்கள். லைட்காரர் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினார். மேக்கப்மேன் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். வெயிலைத் திட்டும் கதாநாயகன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டான். "மேடம், மகாபலிபுரம் ஓட்டலுக்குப் போய் எல்லாரும் குளிக்கணும், கருணை காட்டுங்க" என்று கெஞ்சினான். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். என் வாழ்க்கையில் யாரும் என்னைச் சிரிக்கவைக்க இவ்வளவு பாடுபட்டதில்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் மணி என்ன, மணி என்ன என்று கேட்க ஆரம்பித்தார். அப்போது அந்தப் பெண் கட்டிலோரம் மண்டியிட்டு, என் முழங்கால்மேல் கை வைத்தாள். பக்கத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அம்மா, இப்போ எட்லா இருக்கு?"

பரவாயில்லைம்மா என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "வீட்டுக்குப் போனா இத கேக்க ஒரு ஆள் இல்லடி எனக்கு" என்று வந்துவிட்டது.

மேக்கப்மேன் என் உள்ளங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்து, கலகலவென்று சிரித்தாள். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் ஒருத்தி அப்படிச் சிரித்தால் என்ன செய்வது? நானும் சிரித்துவிட்டேன்.

"ஓகே! பேக்கப்!"

பூசணிக்காய் உடைந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். என் கண்ணாடியையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைத் தேடினேன். அவள் கார் மகாபலிபுரம் பக்கம் போய்விட்டது என்றார்கள்.

நான் செத்த காட்சி அடுத்த மாதம் வந்தது. சிரித்ததை எங்கே போடப் போகிறார்கள்? கட்டிலில் நான் கிடந்தேன். அவள் குனிந்து வாயசைத்தாள், தேன் தடவிய குரல்காரி அழுதாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன்.

"அம்மா, இப்போ எட்லா இருக்கு?" என்று நானே அவள் மாதிரி சொல்லிப் பார்த்தேன். என் குரலை நான் கேட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் டி.வி.யில் மூக்கில் பஞ்சோடு கிடந்தாள்.